நீலம் முதலில் எட்டும் கணு

குமரி மாவட்டத்தின் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய பெரியம்மாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தபோது, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களை (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை) மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அந்தக் கை இன்றும் வீங்கியே இருக்கிறது. இப்போது அதே நோய்க்குச் சிகிச்சை பெறும் மதினிக்கோ, மார்பில் நீலச் சாயம் ஒன்றை ஊசியால் ஏற்றி, அக்குளில் மூன்றே கணுக்களை எடுத்துச் சோதித்துவிட்டு, மற்றவற்றைத் தொடவில்லை. "செலவை மிச்சம் பிடிக்கப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களா?" என்கிறார். இல்லை. மார்பகப் புற்றுநோயைக் கையாளும் அறுவை மருத்துவர் செய்யும் வேலைகளில் மிக நுட்பமானது எதுவென்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய முறையில், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் கணுக்களையும் சேர்த்து அகற்றினார்கள். எவரெஸ்ட் ஏறச் சென்ற சாமர்வெல் நம் நெய்யூரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய காலத்திலும் உலகெங்கும் அதுவே விதி. 1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் தொடங்கிய ஆய்வு, தசையையும் கணுக்களையும் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்ததைக் காட்டியது. அதன்பின் கணுக்களை எடுப்பதன் முதன்மையான நோக்கமே மாறியது: நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிவதற்காக அவற்றை எடுக்கலானார்கள். அறிவதுதான் நோக்கமென்றால், அக்குளில் உள்ள இருபது முப்பது கணுக்களையும் ஏன் எடுக்க வேண்டும்?

இதற்கு விடை நிணநீர் ஓடும் விதத்தில் இருக்கிறது. இரத்த நுண்குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதி மீண்டும் அவற்றுக்குள் திரும்புவதில்லை. அது திசுக்களின் இடுக்கில் தேங்காமல் இழுத்துச் செல்வதற்கென்றே நிணநீர் நாளங்கள் இருக்கின்றன; அவற்றுக்குள் சேர்ந்த நீரே நிணநீர். இவற்றின் தொடக்க முனைகளின் அமைப்பு என்னை எப்போதும் வியக்க வைக்கும். ஒரே அடுக்குச் செல்களாலான அந்தச் சுவரில், ஒரு செல்லின் விளிம்பு அடுத்த செல்லின் விளிம்பின்மேல் ஒட்டாமல் படிந்திருக்கிறது. செல்லின் வெளிப்புறத்தை மெல்லிய இழைகள் சுற்றியுள்ள திசுவோடு பிணைத்திருக்கின்றன. நீர் பெருகித் திசு உப்பும்போது இந்த இழைகள் இழுபட, விளிம்புகள் விலகித் திறக்கின்றன. நீர் உள்ளே நுழைந்து உள்ளழுத்தம் கூடியதும், அந்த அழுத்தமே விளிம்புகளை அழுத்தி மூடிவிடுகிறது. வெள்ளம் வரும்போது குழாய் நசுங்குவதற்குப் பதிலாக விரிந்து கொடுக்கிறது என்பதுதான் இதில் அழகு. அதற்கு மேல் உள்ள பெரிய நாளங்கள், வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் தனித்தனியே சுருங்குவதால், நிணநீரை ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போகின்றன.

இரத்த நுண்குழாயின் இறுகிய சுவரைத் துளைக்க முடியாத பெரிய மூலக்கூறுகளும், கட்டியிலிருந்து கழன்ற புற்றுச் செல்லும் இந்தத் திறப்பு வழியாக எளிதில் நுழைந்துவிடும். சாயமும் அதே வழியில்தான் போகிறது. போகும் வரிசையிலும் ஒழுங்கு உண்டு. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து முதல் குளம் நிரம்பி, மறுகால் பாய்ந்த பிறகே அடுத்த குளத்துக்குப் போவதைப் போல, மார்பிலிருந்து வரும் நிணநீர் முதலில் ஒன்றிரண்டு கணுக்களில் வடிகட்டப்பட்ட பின்னரே மற்றவற்றை அடைகிறது. இந்த முதல் கணுவுக்குச் செண்டினல் கணு, அதாவது காவற்கணு, என்று பெயர். அங்கே புற்றுச் செல் இல்லையென்றால், அதற்கப்பால் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர்களான டேவிட் கிராக் கதிரியக்கத் துகள்களைக் கொண்டும், அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தைக் கொண்டும் மார்பகப் புற்றுநோயில் இந்தக் கணுவைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். நம் நாட்டில் பரவலாகப் பயன்படுவது 1876இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட மெத்திலீன் புளூ. மயக்க மருந்து கொடுத்த பின் மருத்துவர் முலைக்காம்பைச் சுற்றியுள்ள பகுதியில் சாயத்தை ஏற்றி, ஐந்து நிமிடம் மெதுவாகத் தேய்த்துவிடுகிறார். மேலே சொன்ன விளிம்புகள் திறக்க வேண்டுமென்பதற்காகவே இந்தத் தேய்ப்பு. பிறகு அக்குளில் சிறிய கீறலிட்டு, கொழுப்புக்குள் நீல நூலாகத் தெரியும் நாளத்தைத் தொடர்ந்து போகிறார். தாமதித்தால் சாயம் அடுத்த கணுக்களுக்கும் நகர்ந்துவிடும். டெக்னீசியம் என்னும் கதிரியக்கத் தனிமம் ஏற்றிய துகள்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு: சுமார் 10 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள அவற்றைக் கணுவிலுள்ள விழுங்கு செல்கள் பிடித்து வைத்துக்கொள்வதால், கதிர்வீச்சை உணரும் காமா கருவி நெருங்கும்போதெல்லாம் ஒலி எழுப்பிக் காட்டிக்கொடுக்கும். மணவாளக்குறிச்சி மணலுக்குப் பக்கத்தில் வாழும் நம்மவர்கள் கதிரியக்கம் என்றதும் முகம் சுளிப்பது இயல்பே. ஆனால் அம்மணலின் மோனசைட்டில் உள்ள தோரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும், இங்கே பயன்படும் டெக்னீசியம்-99எம் பாதியாவதற்கு 6 மணி நேரம் போதும்.

நீலத்தை மட்டும் நம்பும் மருத்துவர் நல்ல மருத்துவர் அல்ல. புற்றுச் செல்களால் முழுக்க அடைபட்ட கணுவுக்குள் சாயம் நுழையாது. நிணநீர் வேறு பாதையில் திரும்பி, நோயற்ற ஒரு கணுவை நீலமாக்கிவிடும். ஆகவே விரலால் தடவிப் பார்த்து, கெட்டியாகத் தட்டுப்படுவதையும் எடுத்துவிட வேண்டும். எடுத்த கணுவை நோயியல் மருத்துவர் உடனே உறைய வைத்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்த்து, அரை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல முடியும்.

இந்த முறை தவறவிடுவதும் உண்டு. 5,611 பெண்களிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கணுக்களில் நோய் இருந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அருகில் செண்டினல் கணு சுத்தமாகத் தெரிந்தது. ஆயினும் செண்டினல் கணு சுத்தமாக இருந்தவர்களில், மீதிக் கணுக்களை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ஆயுளில் வேறுபாடு இல்லை. எஞ்சியதைப் பல நேரங்களில் மருந்தும் கதிர்வீச்சும் கவனித்துக்கொள்கின்றன. கைவீக்கமோ, முழுதாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது, செண்டினல் கணுவை மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்கு அருகில்தான். யானைக்கால் நோயில் புழுக்கள் நிணநீர் நாளங்களைக் கெடுப்பதால் நேரும் அதே தேக்கம்தான் இந்தக் கையிலும் நேர்கிறது. ரப்பர் பால் வெட்டியும் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தும் பிழைக்கும் பெண்ணுக்குக் கை என்பது கூலி.

இதே வாசகி, மதினியின் சிறுநீர் பச்சையாகப் போனதையும் எழுதியிருக்கிறார். சாயம் சிறுநீரகம் வழியே வெளியேறுவதுதான் அது. ஓரிரு நாளில் நின்றுவிடும். அறுவையின்போது விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவி பொய்யாகக் குறைத்துக் காட்டுவதும் உண்டு, ஏனெனில் அது பயன்படுத்தும் சிவப்பு ஒளியைச் சாயம் விழுங்கிவிடுகிறது.

காமா கருவியோ சாயமோ இல்லாத மருத்துவமனைகளுக்காக, அக்குளின் அடிப்பகுதிக் கணுக்களை மட்டும் எடுக்கும் முறையை மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆராய்ந்திருக்கிறது. லாபம் தராத இத்தகைய ஆய்வை எந்த மருந்து நிறுவனமும் நடத்தாது; அரசுப் பணம் இங்கேதான் தாராளமாக வர வேண்டும் என்பது என் கருத்து.

2023இல் வெளியான ஓர் ஆய்வு, கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, அல்ட்ராசவுண்டில் அக்குள் சுத்தமாகவும் தெரிந்தால், செண்டினல் கணுவைக்கூட எடுக்காமல் விடலாம் என்று காட்டியிருக்கிறது. ஆனால் 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் எண்ணெய் தடவிவிட்டு வருகிறவர்களின் கட்டி அந்த அளவைத் தாண்டியிருக்கும்; கணுவிலும் நோய் ஏறியிருந்தால் பெரும்பாலும் பெரியம்மாவுக்குச் செய்த அறுவைதான் அவர்களுக்கும்.