அணைக்குக் கீழே பெய்த மழை

மழையை அளக்கும் கருவி மிக எளியது. இந்திய வானிலைத் துறை பயன்படுத்தும் சாதாரண மழைமானி ஒன்றின் வாய் 200 சதுர செ.மீ. பரப்புள்ளது, விட்டம் 16 செ.மீ., சிற்றுண்டித் தட்டு ஒன்றின் அகலம்தான். அதன் வழியே இறங்கும் நீர் உள்ளே இருக்கும் குடுவையில் சேரும். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதை அளவுக் குழலில் ஊற்றிக் குறித்துக்கொள்வார்கள். 20 மி.லி. நீர் இருந்தால் 1 மி.மீ. மழை என்று பொருள். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. அவ்வளவையும் இந்தச் சிறிய வாய் வழியே பிடித்திருந்தால் 19 லிட்டர் சேர்ந்திருக்கும். வீட்டு வாசலில் இறக்கிவைக்கப்படும் குடிநீர்க் கேன் ஏறக்குறைய நிறைந்துவிடும். அதே நாளில் திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையே 70 செ.மீ.க்குக் குறைவு.

தாமிரபரணிக் கரையில் வாழ்பவர்களுக்கு வெள்ளம் என்றால் மேற்கிலிருந்து வருவது. பொதிகை மலையில் மழை பெய்யும், பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நிரம்பும், திறந்துவிட்ட நீர் அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று வரிசையாக வந்து சேரும். 1992 நவம்பர் 13 அன்று அப்படித்தான் நடந்தது. மாஞ்சோலைக்கு மேலே உள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ.க்கு மேல் மழை கொட்ட, மலைவெள்ளம் ஆற்றோடு இறங்கி வந்தது. 2023-இல் பெய்த உச்ச மழையின் அளவும் ஏறக்குறைய அதே. ஆனால், அது பெய்த இடம் மலையுச்சி அன்று, கடற்கரை. இந்த ஒரு வேறுபாடு வெள்ளத்தின் போக்கையே மாற்றிவிட்டது. அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல், ‘அணையை எப்போது திறந்தார்கள்’ என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வெள்ளத்தின் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் மழையைப் பார்ப்போம். சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து, சீறி வெளியேறும் காற்றில் விரலை வைத்தால் அது குளிர்ச்சியாக இருக்கும். அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும் காற்று தன் வெப்பத்தைச் செலவிட்டே விரிகிறது. மேலே ஏறும் காற்றுக்கும் இதே கதிதான். உயரம் கூடக் கூடச் சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் தன்னிடமுள்ள நீராவி முழுவதையும் தாங்க முடியாமல் போகும்போது ஆவி துளியாகிறது, மேகம் பிறக்கிறது. ஆவி நீராகும்போது அதில் அடங்கியிருந்த வெப்பம் வெளிப்பட்டு மேகத்துக்குள் உள்ள காற்றைச் சூடாக்கும். சூடான காற்று இன்னும் மேலே எழும், இன்னும் ஆவி துளியாகும். மேகம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

காற்றை முதலில் மேலே தூக்கிவிட ஏதாவது ஒன்று வேண்டும். பொதிகையில் அந்த வேலையை மலையே செய்கிறது. வடகிழக்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா மீது வீசி வரும் ஈரக்காற்று சமவெளியைக் கடந்து மலைச்சுவரில் மோதி, வேறு வழியின்றி ஏறுகிறது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து ஆகிய தேயிலைத் தோட்டப் பகுதிகள் தமிழ்நாட்டின் பெருமழை இடங்களுள் அடங்குவதற்குக் காரணம் அதுவே. கடற்கரையிலோ மலை இல்லை. அங்கே காற்றைத் தூக்குவது நெரிசல். தடையற்ற கடற்பரப்பில் வேகமாக வந்த கீழைக்காற்று நிலத்தைத் தொட்டதும் மரங்களிலும் கட்டடங்களிலும் மேடுபள்ளங்களிலும் உரசி வேகம் குறைகிறது. பின்னால் வருவது குறையாத வேகத்தில் வந்து சேர, நடுவே அகப்பட்ட காற்றுக்கு மேலே எழுவதைத் தவிர இடமில்லை. அந்த டிசம்பரில் குமரிக்கடல் பகுதியின் மீது ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி நிலைகொண்டிருந்து, கடலின் ஈரத்தைத் தென்கோடித் தமிழகத்தின் மீது விடாமல் திருப்பிக்கொண்டிருந்தது.

இங்கே ‘விடாமல்’ என்ற சொல்தான் முக்கியம். ஈரம் மிகுந்த வெப்பமண்டல வானத்தில், ஓர் ஊரின் தலைக்கு மேலே உச்சிவரை உள்ள ஆவி அனைத்தையும் ஒரேயடியாகப் பிழிந்தாலும் தரையில் 6 அல்லது 7 செ.மீ. நீர்தான் தேங்கும். அப்படியானால் 95 செ.மீ. மழைக்கு அந்த வானம் பதினான்கு, பதினைந்து முறையாவது முழுமையாகக் காலியாகி மறுபடி நிரம்பியிருக்க வேண்டும். கிணற்றில் வாளி வாளியாக இறைத்தாலும் ஊற்று சுரந்துகொண்டே இருப்பதைப் போன்ற நிலை அது. எனவே பெருமழை என்பது ஒரு பெரிய மேகத்தின் கதையன்று. ஒரே இடத்தின் மேல் மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றுகொண்டிருந்ததன் கதை அது. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை கூடினால் அது தாங்கக்கூடிய ஆவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பதால், வெப்பமாகிவரும் கடல் இந்த ஊற்றை மேலும் பெருக்குகிறது.

பெய்த மழை ஆற்றுக்கு வரும் வழி அடுத்தது. தாமிரபரணி குறுகிய ஆறு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைச் சிகரத்தை ஒட்டிய காடுகளில் தோன்றி, ஏறத்தாழ 130 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. உயரத்தின் பெரும்பகுதியைப் பாபநாசத்துக்கு வருமுன்பே அருவிகளாக இறங்கித் தீர்த்துவிடுகிறது. திருநெல்வேலி, கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து கடல்வரை ஆறு இறங்க வேண்டிய தூரம் நெடியது, இறங்கக் கிடைக்கும் உயரமோ சொற்பம். ஓர் ஆற்றில் நொடிக்கு எவ்வளவு நீர் செல்லும் என்பது அதன் அகலம், ஆழம், வேகம் ஆகிய மூன்றின் பெருக்கல். மலையில் சரிவு மிகுதியாதலால் வேகம் மிகுதி. அதனால் குறுகிய பாறை இடுக்கிலேயே பெருவெள்ளம் அடங்கிப் போய்விடும். சமவெளியில் வேகம் குறைந்தவுடன், அதே நீர் செல்ல ஆழமும் அகலமும் கூடியாக வேண்டும். ஆழம் கூடிக் கரையைத் தாண்டினால், அகலம் வயலிலும் தெருவிலும் கூடுகிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர கி.மீ. பரப்பில் 95 செ.மீ. மழை பெய்தால் சேரும் நீர் 95 கோடி லிட்டர். கன அடியில் சொன்னால் 3.35 கோடி. பாபநாசம் அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 5.5 டி.எம்.சி., அதாவது 550 கோடி கன அடி. ஆக, நீளமும் அகலமும் 13 கி.மீ. உள்ள ஒரு நிலத்துண்டில் அப்படியொரு மழை பெய்தால் அதுவே ஒரு பாபநாசம் அணை நீர். அந்த மழையை நாள் முழுவதும் பரப்பிப் பார்த்தால் மணிக்கு 4 செ.மீ.; 250 சதுர கி.மீ. பரப்பிலிருந்து அது அப்படியே வழிந்தோடினால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கன அடி. மழை எங்கும் ஒரே சீராகப் பெய்வதில்லை, பெய்தது முழுவதும் ஓடிவருவதும் இல்லை; ஆனாலும் அளவின் பெருமையை இந்தக் கணக்கு உணர்த்தும். தாமிரபரணியின் மொத்தப் படுகை ஏறத்தாழ 5,900 சதுர கி.மீ. அதில் மலையணைகளுக்குப் பின்னால் இருப்பது சிறு பகுதியே. மீதி நிலத்தில் விழும் மழையைப் பிடித்துவைக்க எந்த அணையாலும் முடியாது, ஏனென்றால் அது அணைக்குக் கீழே விழுகிறது. 2023-இல் மலையிலும் கனமழை பெய்து, அணைகளிலிருந்தும் பெருமளவு நீர் வந்து, ஆற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. அந்த நீர் வந்து சேர்ந்தபோது ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பகுதிகள் தங்கள் சொந்த மழையிலேயே மூழ்கத் தொடங்கியிருந்தன.

இந்தச் சமவெளிக்கு மழையைத் தாங்கும் ஏற்பாடு இல்லாமலில்லை. ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அணைக்கட்டு என்பது அணையைப் போல நீரைத் தேக்குவதற்கானது அன்று. ஆற்றுநீரைச் சற்றே உயர்த்திக் கால்வாயில் திருப்பிவிடுவதே அதன் பணி. மிஞ்சிய நீர் அதன் தலைமீதே வழிந்து செல்லும். அந்தக் கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும், அது பெருகினால் அதற்கடுத்த குளத்துக்கு. சாதாரண மழைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

பேய்மழையில் இதே சங்கிலி ஆபத்தாக மாறும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். குளத்துக்கு வரும் நீர் மறுகால் வழியே வெளியேறும் நீரைவிட மிகும்போது மட்டம் ஏறி, மண்கரையின் உச்சியில் எங்கோ ஒரு தாழ்ந்த இடத்தில், ஒருவேளை மாட்டுவண்டித் தடத்தில், விரல்கனத்துக்கு நீர் வழியத் தொடங்கும். வழிந்த நீர் கரையின் வெளிச்சரிவில் இறங்கும்போது வேகம் பெற்று, அடிவாரத்து மண்ணை முதலில் அரிக்கும். அரிப்பு கீழிருந்து மேல்நோக்கி ஏறிவந்து உச்சியைத் தொட்டதும் அந்த விரல்கனம் முழங்கால் ஆழமாகும். ஆழம் கூடினால் வேகம் கூடும், வேகம் இருமடங்கானால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதன்பின் கரையைத் தடுத்து நிறுத்த மணல்மூட்டைகளால் ஆகாது. சில மணி நேரத்தில் வெளியேறும் ஒரு குளத்து நீர், ஏற்கனவே ததும்பிக்கொண்டிருக்கும் அடுத்த குளத்தின்மீது போய் விழும். தூத்துக்குடிக்கு அருகே உள்ள கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து சுற்றுப்புறத்தை வெள்ளம் சூழ்ந்தது அந்த நாட்களில்தான்.

மனிதர் போட்ட வேறு கரைகளும் இந்தக் கணக்கில் சேரும். இருப்புப்பாதையின் மண்மேடு ஆற்றுச் சமவெளிக்குக் குறுக்கே ஓடும் நீண்ட கரை. நீர் கடந்து செல்ல அதிலுள்ள சிறுபாலங்களின் வாய்கள் வழக்கமான மழைக்கு அளவெடுத்தவை. ஒரு பக்கம் நீர் தேங்கி மட்டம் உயர்ந்தால், அது சரளைக்கற்களின் இடுக்கு வழியே ஊடுருவி மறுபக்கம் வெளிவரும்போது கற்களையும் அடிமண்ணையும் இழுத்துச் சென்றுவிடும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர்ப் பக்கம் கற்கள் அரித்துப் போய், தண்டவாளமும் அதைத் தாங்கும் கட்டைகளும் அடியில் ஏதுமின்றி அந்தரத்தில் தொங்கின. வண்டியை அங்கேயே நிறுத்திய முடிவு எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை அந்தக் காட்சியைப் பார்த்த எவரும் உணர்வர்.

வெள்ளத்தோடு எதிர்த்து நில்லாமல் இணங்கி நிற்கும் கட்டடக் கலைக்கும் இதே ஆற்றில் சான்று உண்டு. திருநெல்வேலியில் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளந்தோறும் மூழ்கி எழுகிறது. நீர்வரத்தை எதிர்கொள்ளும் பக்கம் படகின் முனைபோலக் கூர்மையாகக் கட்டப்பட்டிருக்கிறது. தட்டையான சுவரில் மோதும் நீர் அங்கே தன் வேகத்தை முழுவதும் இழந்து, அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றிச் சுவரைத் தள்ளும். கூர்முனையில் வரும் நீர் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் வழுக்கிச் செல்வதால் தள்ளுவிசை பெரிதும் குறையும்.

ஆறு முடியும் இடத்திலும் நீருக்கு விரைந்த விடுதலை இல்லை. கடற்கரைக்கு அருகே நிலம் ஏறக்குறைய மட்டமாக இருப்பதால், நீரைக் கடலை நோக்கி இழுக்கும் சரிவு மிகச் சிறிது. கரையை நோக்கி வீசும் பலத்த கீழைக்காற்று கடல்நீரை முகத்துவாரத்தில் சற்றே உயர்த்தினாலும், அந்தச் சிறு சரிவிலும் ஒரு பங்கு குறைந்துவிடும். மழை நின்ற பிறகும் ஊர்களில் நீர் நாட்கணக்கில் நிற்பதற்கு இதுவும், சாலைகளும் குளக்கரைகளும் ஆங்காங்கே நீரைப் பாத்தி கட்டி வைப்பதும் காரணங்கள்.

முன்னெச்சரிக்கைக்கு உள்ள கால அவகாசத்தையும் மழை விழும் இடமே தீர்மானிக்கிறது. காக்காச்சியில் பெய்த மழை அணைக்கு வந்து, ஆற்றில் இறங்கி, திருநெல்வேலியைத் தொடப் பல மணி நேரம் ஆகும். ஏரலுக்கு இன்னும் கூடுதல். அணையின் நீர்மட்டமும் திறப்பு அளவும் தெரிந்தால் கீழே உள்ளவர்கள் ஆயத்தமாகலாம். காயல்பட்டினத்தில் பெய்யும் மழைக்கு அப்படியோர் இடைவெளி கிடையாது, அது பெய்யும்போதே வெள்ளம். அங்கே அவகாசம் தரக்கூடியது வானிலைக் கணிப்பு மட்டுமே. கணிப்போ, ஒரு மாவட்டத்தில் மிகக் கனமழை பெய்யும் என்பதை ஓரளவு நம்பிக்கையுடன் சொல்ல முடிந்தாலும், அது 95 செ.மீ. ஆகுமா, எந்த 20 கி.மீ. பட்டையில் மேகங்கள் வந்து நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இன்னும் தடுமாறுகிறது. திருநெல்வேலிக்காரர்கள் சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று, தைப்பூச மண்டபத்தில் நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து வெள்ளத்தை மதிப்பிடுவார்கள். மேற்கிலிருந்து வரும் நீருக்கு அது நல்ல அளவுகோல். அந்த மண்டபத்துக்குக் கிழக்கே பெய்யும் மழையை அது காட்டாது. அதை அறிய, கீழ்ப்படுகை ஊர்களிலேயே மழைமானிகள் நெருக்கமாக இருந்து, அவற்றின் அளவு காலை எட்டரை மணிவரை காத்திராமல் மணிக்கு மணி வெளிவர வேண்டும்.