அல்ட்ராசோனிக்: மீயொலியா, கேளாஒலியா?

ஃபேப்ரிகேஷன் ஷாப்ல (இரும்ப வெட்டி வெல்டு வெச்சு சாமான் செய்யுற பட்டறை) "யூடி முடிஞ்சுதா"ன்னு கேப்பாங்க, யூடின்னா அல்ட்ராசோனிக் டெஸ்டிங். மண்பானை வாங்குறப்ப சுண்டிப் பாப்போம்ல, கணீர்னு கேட்டா நல்ல பானை, சத்தம் அமுங்குனா எங்கயோ விரிசல், கிட்டத்தட்ட அதே வேலைதான், ஆனா நம்ம காதுக்கு எட்டாத சத்தத்த வெச்சு இரும்புக்குள்ள பாக்குறாங்க.

லத்தீன்ல அல்ட்ரான்னா அப்பால், சோனுஸ்னா ஒலி. நம்ம காதுக்கு மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ், இரும்புக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 20 முதல் 50 லட்சம் ஹெர்ட்ஸ். ப்ளேட் மேல கொஞ்சம் க்ரீஸ் இல்ல ஜெல் தடவி (நடுவுல காத்து நின்னுச்சுன்னா அலை உள்ள எறங்காது) ப்ரோப (ஒலிய அனுப்பி, திரும்பி வர்றத வாங்குற சின்னக் கருவி) வெச்சு அழுத்துனா, அலை நொடிக்கு சுமார் 5,900 மீட்டர் வேகத்துல போய் அடிப்பக்கத்துல மோதித் திரும்பி வரும், ஸ்க்ரீன்ல ஒரு கோடு எழும்பும். அதுக்கு முன்னாடியே இன்னொரு கோடு நின்னா உள்ள ஏதோ இருக்கு. போய்வர 10 மைக்ரோசெகண்ட் ஆச்சுன்னா ஆழம் 30 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.

தமிழ்ல மீயொலி. "மீது"ங்குறதுல இருக்குற அதே மீ, மேல்னு அர்த்தம். சிலர் கேளாஒலின்னு எழுதுறாங்க, அழகாத்தான் இருக்கு, ஆனா 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற ஒலியும் நமக்குக் கேக்காதே, அப்ப அதையும் அப்படித்தான் சொல்லணும். அதனால என் ஓட்டு மீயொலிக்குத்தான். ஒரே சிக்கல், சத்தத்த விட வேகமா போற சூப்பர்சோனிக் விமானத்தையும் மீயொலி விமானம்னு எழுதிட்டு இருக்கோம். இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல இந்தக் கலப்படம் இருந்துச்சு, அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஃப்ளாய்ட் ஃபயர்ஸ்டோன் 1942ல பேட்டன்ட் வாங்குன பழுது காட்டுற கருவிக்கு அவரே வெச்ச பேரு சூப்பர்சோனிக் ரிஃப்ளெக்டோஸ்கோப், அப்புறம்தான் அவங்க வேகத்துக்கு சூப்பர், அதிர்வெண்ணுக்கு அல்ட்ரான்னு பிரிச்சுக்கிட்டாங்க. நாமளும் பிரிக்கலாம், விமானத்துக்கு ஒலிமிஞ்சு வேகம், இதுக்கு மீயொலிச் சோதனை, திரையில உள்பக்கத்தையே படமா காட்டுனா மீயொலிப் படிமம்.

இன்னொன்னும் சொல்லணும், க்ராக்க கீறல்னு எழுதாதீங்க. கீறல் மேல்தோல்ல விழுறது, தேய்ச்சா போயிடும். விரிசல்ங்குற சொல்லுலயே விரி இருக்கு பாருங்க, பாரம் ஏறி எறங்க எறங்க அது உள்ளுக்குள்ள விரிஞ்சுக்கிட்டே போகும், அதத் தேடித்தான் ப்ரோப வைக்கிறோம்.