சம்பளம் மறைத்து வைக்கும் நட்டம்

இரவு பதினொன்றேகால் மணிக்கு, ஒரு கதை விளையாட்டுக்காக நான் எழுதிக்கொண்டிருந்த சாகசத்தின் நிலவறை வரைபடத்தில் 14 என்று குறிக்கப்பட்டிருந்த அறை என் கைப்பிரதியில் 15ஆம் அறையாக இருப்பதைக் கண்டேன். வரைபடம் வரைந்தவர் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் நடுவிலிருந்த ஒரு சிறிய அறையை நீக்கியிருந்தார். அதற்குப் பின்வரும் எண்களை மாற்ற மறந்தவன் நான். சாவி 17ஆம் அறையில் இருக்கிறது, 21ஆம் அறையில் மணி ஒலித்தால் காவலர்கள் ஓடி வருவார்கள் என்று பிரதி முழுவதும் இறைந்து கிடந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தி முடிக்கையில் மணி ஒன்றாகிவிட்டது. மறுநாள் காலை அலுவலகத்தில் காலாண்டுக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு எவரும் எனக்குக் கூலி தரவில்லை என்பதும், அதை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை என்பதும் பல மாதங்கள் கழித்தே உறைத்தன.

பகலில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாலையில், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகளுக்குச் சாகசங்களும் விதிகளும் எழுதுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் பிறருக்காக எழுதியிருக்கிறேன். கடைசி ஐந்து ஆண்டுகளில் சில சிறு நூல்களை நானே வெளியிட்டு, பிறரை எழுத வைத்துக் கூலி கொடுக்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வேலையோடு இதற்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான். நேரம் எப்படியும் கிடைத்துவிடும். வீட்டு வாடகையையும் மின்கட்டணத்தையும் மாதச் சம்பளம் பார்த்துக்கொள்வதால், எழுத்து வேலையில் நாம் இழப்பது நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது என்பதே உண்மையான சிக்கல். முழுநேர எழுத்தாளர் மூன்றே மாதங்களில் கண்டுகொள்ளும் நட்டத்தை, சம்பளக்காரர் பத்தாண்டுகள் சுமந்து திரிந்தும் அதற்குப் பேரார்வம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்.

இந்தத் துறை பிறந்ததே வேலைக்கும் விளையாட்டுக்கும் இடையிலான இழுபறியில்தான். 1974இல் வெளிவந்து இவ்வகைக் கதை விளையாட்டுகளைத் தொடங்கிவைத்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை டேவ் ஆர்னசனுடன் சேர்ந்து உருவாக்கிய கேரி கைகாக்ஸ், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து, 1970இல் அதை இழந்தவர். அதன் பிறகு வருமானத்துக்காகச் செருப்புத் தைக்கும் வேலையும் செய்தார். முதல் பதிப்பின் 1,000 பிரதிகள் அவர் வீட்டிலேயே கையால் அடுக்கிப் பெட்டியிலிடப்பட்டன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்தச் செருப்புகள்தான் முக்கியமாகப் படுகின்றன.

என் கணக்குப் புத்தி எனக்கு உதவிய ஒரே இடம், ஒரு சாகசத்துக்குச் செலவான நேரத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை குறித்து வைத்ததுதான். ஒப்பந்தப்படி 10,000 சொற்கள், கெடு ஆறு வாரங்கள், கூலி சொல்லுக்கு இவ்வளவு. என் வேகம் மணிக்கு ஏறக்குறைய 350 சொற்கள் என்பதால் எழுதுவதற்கு 29 மணி நேரம் ஆனது. அதற்கு மேல், ஆடிப் பார்க்க மூன்று அமர்வுகளுக்கு 12 மணியும், அவற்றுக்கான ஆயத்தத்துக்கு 5 மணியும், ஆடிப் பார்த்தபின் மாற்றி எழுத 14 மணியும், எடிட்டரின் கேள்விகளுக்கு 9 மணியும், வரைபட மாதிரிகளுக்கும் ஓவியருக்கான குறிப்புகளுக்கும் 6 மணியும், மின்னஞ்சலுக்கும் ஒப்பந்தத்துக்கும் 4 மணியும் சென்றன. மொத்தம் 79 மணி நேரம். கூலி பேசும்போது நான் மனத்தில் வைத்திருந்தது 29ஐ மட்டுமே.

வேலை நாள்களில் நான்கு மாலைகள், மாலைக்கு ஒன்றரை மணி, வார இறுதியில் மூன்று மணி என்று பார்த்தால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரமே என் கையில் இருக்கிறது. ஆறு வாரத்தில் 54 மணி. எஞ்சிய 25 மணி நேரத்தில் 16 மணியை அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்தும், ஒன்பது மணியைத் தூக்கத்தைக் குறைத்தும் ஈடுகட்டியிருந்தேன். அந்த இரண்டு நாள் விடுப்பின் சம்பள மதிப்பைக் கழித்துப் பார்த்தபோது எழுத்துக் கூலியில் பாதிகூட மிஞ்சவில்லை. என்னுடைய பகல்நேர முதலாளி, தனக்குத் தெரியாமலே, ஒரு விளையாட்டுப் பதிப்பகத்துக்கு மானியம் வழங்கிக்கொண்டிருந்தார்.

ஆடிப் பார்ப்பதைக் குறைத்தால் நேரம் மிச்சமாகுமே என்று தோன்றும். அந்தச் சாகசத்தின் இரண்டாம் அமர்வில், நான் 1,200 சொற்கள் செலவழித்து உருவாக்கியிருந்த வெள்ளம் சூழ்ந்த கோயிலின் கதவுக்கு முன்னால் நான்கு ஆட்டக்காரர்களும் நின்றார்கள். கதவில் நான் வைத்திருந்த புதிரை ஒருவர் வாசித்துப் பார்த்துவிட்டு, இது பொறியாகத்தான் இருக்கும் என்றார். மற்ற மூவரும் தலையசைத்தார்கள். அனைவரும் திரும்பி நடந்து ஊருக்குப் போய்விட்டார்கள். கோயிலுக்குள் கதையை முடித்து வைக்கும் ஒரே சாட்சி காத்திருந்தது. அதை ஆட்டத்தை நடத்திய நான் மட்டுமே அறிவேன். எழுதும்போது எத்தனை முறை வாசித்தாலும் அந்தக் குறை எனக்குத் தெரிந்திருக்காது. ஆகவே ஆடிப் பார்ப்பதைக் குறைக்க முடியாது. அதற்கான நேரத்தைக் கெடுவுக்குள்ளும் கூலிக்குள்ளும் கொண்டுவருவதே வழி. இப்போது பதிப்பகத்தோடு பேசும்போது, சோதனை ஆட்டங்களை யார் நடத்துவது, எத்தனை அமர்வுகள், அதற்குத் தனிக் கூலி உண்டா என்பவற்றை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுகிறேன். மூன்றில் ஒரு பதிப்பகமாவது சோதனையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. கேட்காத வரை எதுவும் எடுத்துக்கொண்டதில்லை.

விளையாட்டு ஒப்பந்தத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டியது உங்கள் வேலை நியமன ஒப்பந்தம். பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே உரியது என்ற ஒரு வரி பல நியமனக் கடிதங்களின் பின்பக்கங்களில் இருக்கிறது. மென்பொருள் துறையிலும் வடிவமைப்புத் துறையிலும் இருப்பவர்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இத்தகைய வரிக்குச் சில இடங்களில் சட்டமே எல்லை கட்டியிருக்கிறது. ஊழியர் சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவிகளைத் தொடாமல், அதன் தொழிலோடு தொடர்பின்றிச் செய்த கண்டுபிடிப்பை நிறுவனம் ஒப்பந்தம் வழியாகக் கோர முடியாது என்கிறது கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 2870ஆம் பிரிவு. எல்லா இடங்களிலும் அப்படிப் பாதுகாப்பு இருப்பதில்லை. பிற வருமானத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்று விதி இருந்தால், அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னது, அவர் வேறு வேலைக்குப் போன மறுநாளே செல்லாக்காசாகிவிடும். அலுவலக மடிக்கணினியில் ஒரு பத்திகூடத் தட்டச்சு செய்யாதீர்கள். மதிய உணவு இடைவேளையில் தோன்றும் யோசனைகளுக்கு என் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. பார்ப்பவர்களுக்குச் சற்று வேடிக்கையாக இருந்தாலும், அதன் உரிமையை எவரும் கேட்க முடியாது.

பதிப்பக ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நான் விரல் வைத்து வாசிக்கிறேன். பணம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பது முதலாவது. வெளியான நாளிலிருந்து 60 நாள் என்றிருந்தால், நூல் வெளியாகாத வரை அந்த 60 நாள் தொடங்கவே தொடங்காது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பதிப்பகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு அத்தியாயம், ஓவியருக்காகக் காத்திருந்து, பிறகு அச்சகத்துக்காகக் காத்திருந்து, பதினான்கு மாதம் கழித்து வெளியானது. கூலி பதினாறாம் மாதத்தில் வந்தது. அந்தப் பதினாறு மாதங்களில் நான் ஒரு நினைவூட்டல்கூட அனுப்பவில்லை என்பதுதான் வெட்கமான பகுதி. சம்பளம் வந்துகொண்டிருந்ததால் அவசரம் தெரியவில்லை. அதே நூலில் எழுதிய, வேறு வேலை இல்லாத ஒருவர் வாரந்தோறும் கேட்டு எனக்கு ஐந்து மாதங்கள் முன்பே வாங்கிவிட்டார். இப்போது, கைப்பிரதி ஏற்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடும்படி கேட்கிறேன். திட்டம் கைவிடப்பட்டால் எழுதிய பகுதிக்கு என்ன கிடைக்கும் என்பது இரண்டாவது. உரிமை யாருக்கு என்பது மூன்றாவது: வொர்க் ஃபார் ஹயர் (கூலிக்குச் செய்த படைப்பு) என்ற சொற்கள் இருந்தால், அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அந்த எழுத்தின் ஆசிரியர் பொதுவாகப் பதிப்பகமே, நீங்கள் அல்லர், அட்டையில் பெயர் வருவது தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று. விளையாட்டின் இயங்குமுறைக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது, அதை விவரிக்கும் எழுத்துக்கே உண்டு என்பதால், உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான உலகத்தையும் பாத்திரங்களையும் இத்தகைய ஒப்பந்தத்தின் கீழ் எழுதிக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தவர் விளையாட்டின் மேல் கட்டுபவர்களுக்கு உரிமம்தான் அஸ்திவாரம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகளைப் பிறரும் பயன்படுத்த அனுமதித்த, 2000ஆம் ஆண்டிலிருந்து பல சிறு பதிப்பகங்கள் நம்பியிருந்த ஓப்பன் கேம் லைசென்ஸை மாற்றும் முயற்சி 2023 ஜனவரியில் வெளியே தெரிந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாத இறுதியிலேயே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பு, எவரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. அந்தச் சில வாரங்களில் வேலை உள்ளவர்கள் காத்திருந்தோம்; இதையே வாழ்வாதாரமாகக் கொண்டவர்கள் தூங்கவில்லை. சம்பளம் தரும் உண்மையான பலன், பொறுத்திருக்கவும், ‘வேண்டாம்’ என்று சொல்லவும் முடிகிற இந்த நிலைதான். அதைப் பயன்படுத்தாமல் மலிவு விலைக்கு எழுதுவதற்கு மட்டுமே சம்பளத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். மின்நூல் தளங்களின் பங்கீட்டையும் இதே கண்ணால் பாருங்கள். டிரைவ்த்ரூஆர்பிஜி நீண்ட காலமாகத் தன்னிடம் மட்டும் விற்பவர்களுக்கு 70 சதவீதமும் மற்றவர்களுக்கு 65 சதவீதமும் கொடுத்துவந்திருக்கிறது. டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்டில் ஆசிரியருக்கு 50 சதவீதம். அங்கே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புகழ்பெற்ற உலகங்களைப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த நூலை வேறெங்கும் விற்க முடியாது.

சொந்தமாக வெளியிடுவது எழுதுவதன் நீட்சி அன்று. அது இன்னொரு தொழில். பொதுமக்களிடம் முன்கூட்டியே நிதி திரட்ட உதவும் தளமான கிக்ஸ்டார்ட்டர் 2019 பிப்ரவரியில் ஜைன் குவெஸ்ட் என்ற பெயரில் சிற்றேடுகளுக்கு வழி திறந்ததற்குப் பின், நானும் ஒரு 32 பக்கச் சிற்றேட்டை அப்படி வெளியிட்டேன். நடுவில் பின் அடிக்கும் ஏட்டில் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதைக் கடைசி வாரத்தில் நினைவுகூர்ந்து, 34 பக்கத்தை 32 ஆக்கச் சில பத்திகளைக் கொன்ற வலி இன்னும் இருக்கிறது. திரட்டிய தொகையில் தளத்தின் 5 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் முதலிலேயே போய்விடும். அஞ்சல் கட்டணம் திட்டம் தொடங்கியபோது இருந்ததைவிட நூல் அச்சாகி வருவதற்குள் ஏறியிருந்தது. 240 உறைகளை ஒட்டி, முகவரி சரிபார்த்து, சுங்கப் படிவம் நிரப்ப ஒன்றுக்கு ஏழு நிமிடம் பிடித்தது; 28 மணி நேரம், மூன்று வார இறுதிகள். அந்த மூன்று வாரமும் வீட்டு உணவு மேசை உணவு மேசையாக இல்லை. நிதியாண்டின் கடைசியில் பணம் வந்து அச்சுச் செலவு அடுத்த ஆண்டில் விழுந்தால், கையில் இல்லாத லாபத்துக்குச் சம்பளத்தின் மேலேயே வரி கட்ட நேரலாம். தனி வங்கிக் கணக்கும், திட்டம் தொடங்கும் முன்பே வரி ஆலோசகரோடு ஒரு மணி நேரமும் இதற்குப் போதும்.

வேலையை எப்போது விடலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது: ஓராண்டு முழுவதும் எல்லா மணி நேரத்தையும் குறித்து வைத்து, கிடைத்த தொகையை அதால் வகுத்துப் பாருங்கள். நான் மூன்று ஆண்டுகளாக வகுத்துப் பார்க்கிறேன். எண் ஒவ்வோர் ஆண்டும் ஏறுகிறது, நான் வேலையிலேயே இருக்கிறேன். போன வாரம் ஒரு பதிப்பகம் 8,000 சொற்களுக்கு ஐந்து வாரம் என்றது. அட்டவணையைப் பார்த்துவிட்டு எட்டு வாரமும், சோதனை ஆட்டங்களுக்குத் தனிக் கூலியும் வேண்டும் என்று பதில் எழுதினேன். ஏழு வாரம், சோதனைக்குக் கேட்டதில் பாதிக் கூலி என்று இன்று மதியம் பதில் வந்திருக்கிறது. இரவு உணவுக்குப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன்.