மீனை மீன் என்று எழுதலாமா?

18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் கவிதை எழுத உட்கார்ந்த ஒருவருக்கு மீனை மீன் என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். மீன் என்பது சந்தையில் புழங்குகிற சொல். கவிதைக்குள் வந்தால் அது 'துடுப்புடைய குலம்' ஆகிவிடும். பறவைகள் 'இறகணிந்த கூட்டம்', ஆட்டு மந்தை 'கம்பளிச் செல்வம்'. பொழுது விடிந்தால் சூரியன் வரமாட்டான், கிரேக்கப் புராணத்திலிருந்து ஃபீபஸ் வருவான். கொஞ்சம் கவனித்தால் இதில் ஒரு செய்முறை இருப்பது தெரியும்: முன்னால் ஒரு அடைமொழி, பின்னால் குலம், கூட்டம் என்று ஒரு பொதுச்சொல், இரண்டையும் ஒட்டினால் கவிதைக்குத் தகுந்த சொல் கிடைத்துவிடும். நாம் உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று பிரித்துப் பேசுகிறோமே, கிட்டத்தட்ட அதே பிரிவுதான். அங்கே நடுவில் இருந்த சுவர் ரொம்ப உயரம்.

அந்தக் கவிஞர்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. லத்தீன் படித்து வளர்ந்தவர்கள், ஒவ்வொரு கவிதை வகைக்கும் அதற்குரிய உயரத்தில் ஒரு மொழி வேண்டும் என்று உண்மையாகவே நம்பியவர்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் கிரே 1742-இல் தன் நண்பர் ரிச்சர்ட் வெஸ்டுக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒரே வரியில் சொல்கிறார்: நிகழ்காலத்தின் மொழி ஒருபோதும் கவிதையின் மொழி ஆகாது. இந்த வரியையும் அந்த நண்பரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் திரும்ப வரும்.

சரி, 1798-க்கு வருவோம். அந்த வருடம் 'லிரிக்கல் பாலட்ஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. உள்ளே 23 கவிதைகள். 19 வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் எழுதியவை, 4 சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் எழுதியவை. இருவரும் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்தவர்கள். கையில் நோட்டுப் புத்தகத்தோடு நேரம் காலம் இல்லாமல் காடு மேடு நடந்ததில், பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், இவர்களைக் கண்காணிக்க அரசாங்கம் ஒரு ஆளையே அனுப்பியது. புத்தகத்தின் முகப்பில் ஒரு சிறு அறிவிப்பு இருக்கிறது, எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு சொல்: பரிசோதனை. இந்தக் கவிதைகளில் பெரும்பாலானவற்றைப் பரிசோதனைகளாகவே கருத வேண்டும், நடுத்தர மக்களும் அடித்தட்டு மக்களும் பேசுகிற மொழி கவிதை தரும் இன்பத்துக்கு எவ்வளவு தூரம் ஏற்றது என்று பார்க்கவே முக்கியமாக இவை எழுதப்பட்டன என்கிறது அந்த அறிவிப்பு. ஒரு கருதுகோள், அதைச் சோதிக்க 23 கவிதைகள்.

இது வெறும் உவமை என்று தோன்றினால் புத்தகத்தில் உள்ள 'குடி பிளேக்கும் ஹாரி கில்லும்' என்ற கவிதையைப் பாருங்கள். குளிரில் நடுங்கும் ஏழைக் கிழவி ஒருத்தி வேலியிலிருந்து சுள்ளி எடுக்கிறாள், மாட்டு வியாபாரி ஹாரி அவள் கையைப் பிடித்துவிடுகிறான், இவனுக்கு இனி ஒருநாளும் உடம்பு சூடாகக் கூடாது என்று அவள் மண்டியிட்டு வேண்டுகிறாள். அதன் பிறகு எத்தனை கோட்டு போட்டாலும் அவன் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கின்றன. இந்தக் கதை வேர்ட்ஸ்வொர்த்துக்குக் கிடைத்தது ஒரு மருத்துவப் புத்தகத்தில். சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு மருத்துவர். தன் 'ஜூனோமியா' நூலில் வார்விக்‌ஷயர் விவசாயி ஒருவருக்கு இப்படி நடந்ததாகவும், குளிருக்குப் பயந்து அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் படுக்கையிலேயே கிடந்து இறந்ததாகவும் எழுதியிருந்தார். தனக்குத் தீங்கு வரும் என்ற நம்பிக்கையே உடம்பில் தீங்காக மாறுவதை இன்றைய மருத்துவம் நோசீபோ என்கிறது. மனிதக் கற்பனைக்கு உடம்பையே மாற்றும் வலிமை உண்டு என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதியதாக வேர்ட்ஸ்வொர்த் பின்னால் விளக்கினார். மருத்துவர் குறிப்பாக எழுதியதை அவர் நாட்டுப்பாடல் வடிவத்தில், கிழவியும் மாட்டு வியாபாரியும் புரிந்துகொள்ளும் சொற்களில் எழுதினார்.

அந்தக் கவிதையில் 'சாட்டர், சாட்டர்' என்று பல் நடுங்கும் சொல் திரும்பத் திரும்ப வரும். அன்றைய விமர்சகர்களுக்கு இப்படிப்பட்ட கூறியது கூறல் பெரிய குற்றம். 1800-இல் 'முட்செடி' என்ற இன்னொரு கவிதைக்கு எழுதிய குறிப்பில் வேர்ட்ஸ்வொர்த் இதற்குப் பதில் சொல்கிறார், நான் படித்தவற்றில் மொழியைப் பற்றிய ஆகக் கூர்மையான குறிப்புகளில் ஒன்று அது. ஆழமான உணர்ச்சியில் இருக்கிறவருக்குத் தான் சொன்னது போதவில்லை என்ற உணர்வு எப்போதும் இருக்கும், அந்தக் குறை தீரும் வரை மனம் அதே சொல்லைப் பிடித்துத் தொங்கும். அப்போது சொல் என்பது உணர்ச்சியின் அடையாளம் மட்டுமாக இருப்பதில்லை, தானே வேலை செய்கிற ஒரு பொருளாகி, அந்த உணர்ச்சியில் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது என்கிறார். இழவு வீட்டில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறவரைப் பார்த்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாம் பதிப்பு 1800 என்று தேதியிட்டு, இரண்டு பாகங்களாக, வேர்ட்ஸ்வொர்த் எழுதிய, பின்னால் புகழ்பெற்ற ஒரு முன்னுரையோடு வந்தது. அதன் அச்சுப் பக்கங்களைத் திருத்தியது யார் தெரியுமா? வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி. அப்போது அவருக்கு வயது 21, பிரிஸ்டலில் நைட்ரஸ் ஆக்சைடை, அதாவது சிரிப்பூட்டும் வாயுவை, முகர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அதுவரை நேரில் பார்த்தே இராத அந்த இளைஞருக்கு வேர்ட்ஸ்வொர்த் கடிதம் எழுதி, தனக்கு நிறுத்தற்குறிகள் சரியாக வராது, பார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டார். 1802-இல் முன்னுரையை விரிவாக்கியபோது, வேதியியலாளர், தாவரவியலாளர் இவர்களுடைய கண்டுபிடிப்புகள் மனிதர்களுக்குப் பழகிப்போன ஒன்றாக ஆகும் நாளில் அவையும் கவிதைக்கு உகந்த பொருளாகும் என்று சேர்த்தார்.

முன்னுரையின் நடுவில் ஒரு நேரடிச் செய்முறை விளக்கம் இருக்கிறது. கிரேயின் நண்பர் வெஸ்ட், அந்தக் கடிதம் வந்த சில வாரங்களில் இறந்துபோனார். கிரே அவருக்காக ஒரு சானட், அதாவது 14 வரிக் கவிதை, எழுதினார். 'புன்னகைக்கும் காலைகள் எனக்கு வீணே ஒளிர்கின்றன, சிவக்கும் ஃபீபஸ் தன் பொன்னெருப்பை உயர்த்துகிறான்' என்று தொடங்கும். வேர்ட்ஸ்வொர்த் அதன் 14 வரிகளையும் எடுத்துப்போட்டு, ஐந்து வரிகளை மட்டும் சாய்வெழுத்தில் காட்டினார். 'என் தனித்த வேதனை என் நெஞ்சைத் தவிர எதையும் உருக்கவில்லை' என்பது அதில் ஒன்று. கடைசி இரண்டு வரிகள்: 'கேட்க முடியாதவனிடம் பயனின்றிப் புலம்புகிறேன், வீணாக அழுகிறேன் என்பதாலேயே இன்னும் அழுகிறேன்.' இந்த ஐந்தில்தான் சரக்கு இருக்கிறது, இந்த ஐந்தும் எதுகையையும் ஒரே ஒரு சொல்லையும் தவிர உரைநடையிலிருந்து எந்த விதத்திலும் வேறுபடவில்லை, ஆகவே நல்ல உரைநடையின் மொழிக்கும் கவிதையின் மொழிக்கும் அடிப்படையில் வித்தியாசம் கிடையாது என்பது அவர் வாதம். நிகழ்காலத்தின் மொழி கவிதையாகாது என்று எந்த நண்பனுக்கு எழுதினாரோ, அந்த நண்பன் போனபோது கிரேவுக்கு அந்த மொழிதான் கைகொடுத்தது.

அப்படியென்றால் எதற்குச் சந்தம்? உரைநடையிலேயே எழுதிவிட்டுப் போகலாமே? இந்தக் கேள்வியை வேர்ட்ஸ்வொர்த்தே எழுப்பிக்கொள்கிறார். அவர் பதில் இன்றைய உளவியல் புத்தகத்தில் இருந்தாலும் பொருந்தும். உணர்ச்சி மனத்தை அதன் வழக்கமான நிலையிலிருந்து கிளப்பிவிடும், சில சமயம் தாங்க முடியாத அளவுக்கு. அப்போது கூடவே ஒழுங்காக, அடுத்து எது வரும் என்று எதிர்பார்க்கக்கூடியதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அது மனத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். 'கிளாரிஸா' என்ற உரைநடை நாவலின் துயரமான பகுதிகளை மறுபடி படிக்க மனம் வராது, ஆனால் ஷேக்ஸ்பியரில் அதைவிடத் துயரமான இடங்களைத் திரும்பப் படிக்க முடிகிறது, அதில் சந்தத்துக்கும் பங்கு உண்டு என்கிறார். அப்புறம், வேறுபட்டவற்றில் ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும்போது மனத்துக்கு ஒரு மகிழ்ச்சி வரும், எதுகையும் சந்தமும் அதைத்தான் தொடர்ந்து கொடுக்கின்றன என்பது இன்னொரு காரணம்.

சந்தத்தையும் அவர்கள் சும்மா விடவில்லை. அதற்கு முன் ஆட்சி செய்தது பத்து அசை கொண்ட இரட்டை வரி. இரண்டு வரியும் எதுகையில் முடியும், வாக்கியமும் பெரும்பாலும் அங்கேயே முடியும், கதவைச் சாத்துகிற மாதிரி. 'லிரிக்கல் பாலட்ஸ்' நூலின் கடைசிக் கவிதையான 'டின்டர்ன் ஆபி'யில் அதே பத்து அசைதான், ஆனால் எதுகை இல்லை, வாக்கியம் வரியின் எல்லையைத் தாண்டி அடுத்த வரிக்கும் அதற்கடுத்த வரிக்கும் ஓடுகிறது, ஒருவர் ஞாபகம் வர வர யோசித்துக்கொண்டே பேசுவது போல இடையில் நின்று, தன்னையே திருத்திக்கொண்டு, திரும்பவும் நடக்கிறது.

முன்னுரையிலிருந்து எல்லோரும் மேற்கோள் காட்டுவது 'வலிமையான உணர்ச்சிகள் தானாகப் பொங்கி வழிவதே கவிதை' என்ற வரியை. இது பாதிதான், மீதியை விட்டுவிடுவதால் பெரிய தப்பர்த்தம் வந்துவிடுகிறது. அமைதியில் நினைவுகூரப்பட்ட உணர்ச்சியிலிருந்து கவிதை பிறக்கிறது என்று அவர் தொடர்கிறார், எப்படி என்றும் படிப்படியாகச் சொல்கிறார்: பழைய உணர்ச்சியை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மெல்ல மெல்ல அந்த அமைதி கரைந்து, பழையதற்கு உறவான ஒரு புது உணர்ச்சி மனத்தில் உண்டாகும், எழுதுவது அங்கேதான் தொடங்கும். இது நடப்பதைத் தேதியோடு பார்க்கலாம். 1802 ஏப்ரல் 15 அன்று வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரத்தியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் டாஃபடில் பூக்களைப் பார்க்கிறார்கள். டோரத்தி நாட்குறிப்பில் எழுதுகிறார்: சில பூக்கள் களைத்துப்போய்த் தலையணையில் சாய்வது போலக் கற்களின்மேல் தலைசாய்த்திருந்தன, மற்றவை காற்றில் ஆடிச் சிரித்தன. அண்ணன் கவிதை எழுதியது 1804-இல். அதில் தங்கை இல்லை, 'மேகம்போல் தனியே திரிந்தேன்' என்று இருக்கிறது, கடைசியில் கட்டிலில் படுத்திருக்கும்போது அந்தப் பூக்கள் 'அகக்கண்ணில்' மின்னுவதாக முடிகிறது. அந்த அகக்கண் வரும் இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தவை, கவிதையிலேயே சிறந்த வரிகள் அவைதான் என்று வேர்ட்ஸ்வொர்த் சொல்லியிருக்கிறார். 1807-இல் அச்சானபோது 'ஆடும் டாஃபடில்கள்' என்று இருந்தது, 1815-இல் 'பொன்னிற டாஃபடில்கள்' ஆனது, ஒரு பத்தியும் கூடியது. பொங்கி வழிந்தது என்று சொல்லப்பட்ட கவிதைக்குப் பதின்மூன்று வருடம்.

கோல்ரிட்ஜ் இந்தக் கொள்கையை முழுதாக ஏற்கவில்லை, 1817-இல் வந்த தன் 'பயோகிராஃபியா லிட்டரேரியா'வில் அத்தியாயம் அத்தியாயமாக மறுத்தார். கிராமத்து மனிதரின் பேச்சிலிருந்து வட்டாரக் கூறுகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எல்லோருக்கும் பொதுவான மொழிதான், அதில் கிராமம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஃபீபஸ் வரி மோசமான வரிதான், ஆனால் உரைநடையிலிருந்து விலகியதால் மோசமில்லை, பொருந்தாத படிமங்களை ஒன்றாகக் கட்டியதால் மோசம் என்றார். இந்த இடத்தில் கோல்ரிட்ஜ் சொல்வதே சரி என்று எனக்குப் படுகிறது. இந்தச் சிக்கலை அவிழ்த்தது அடுத்த தலைமுறைக் கவிஞர் ஷெல்லி. 1821-இல் எழுதிய கட்டுரையில், கவிஞர்களின் மொழி உயிருள்ள உருவகம், யாரும் அதுவரை காணாத உறவை அது காட்டும், ஆனால் காலப்போக்கில் அந்தச் சொற்கள் தேய்ந்து வெறும் குறிகளாகிவிடும், புதுக் கவிஞர்கள் வந்து மறுபடி உயிர் கொடுக்காவிட்டால் மொழி செத்துப்போகும் என்கிறார். ஃபீபஸும் ஒரு காலத்தில் யாரோ சூரியனைப் பார்த்துத் திகைத்து வைத்த பெயர்தானே. ஷெல்லியின்மேல் கொண்ட காதலால் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்ட பாரதி, 1912-இல் பாஞ்சாலி சபத முன்னுரையில் எளிய பதங்கள், எளிய நடை, பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு கொண்ட காவியம் தாய்மொழிக்குப் புதிய உயிர் தரும் என்று எழுதியபோது இதே 'உயிர்'தான் வருகிறது.

இதில் ஒருவரை விட்டுவிடக் கூடாது. வேர்ட்ஸ்வொர்த் உழைக்கும் கிராமத்து மக்களின் மொழியைக் கவிதைக்குள் தேர்ந்தெடுத்து எடுத்தவர். ஜான் கிளேர் அந்த மக்களில் ஒருவர். இங்கிலாந்தின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்துப் பண்ணைத் தொழிலாளி, கவிஞர். அவருடைய முதல் புத்தகம் 1820-இல் வந்தது. நீரின் மேற்பரப்பு உறையத் தொடங்குவதற்கு அவர் ஊரில் 'கிரிஸில்' என்று ஒரு சொல் உண்டு, நத்தை ஓட்டுக்குப் 'பூட்டி'. அவருக்கு இவை கவிதைக்காகத் தேடி எடுத்த சொற்கள் இல்லை, வாயில் வருகிற சொற்கள். பதிப்பாளர் ஜான் டெய்லர் அவருடைய எழுத்துப்பிழையையும் இலக்கணத்தையும் திருத்தி, நிறுத்தற்குறி போட்டு, வட்டாரச் சொற்கள் பலவற்றை மாற்றி அச்சிட்டார். கல்வியில் இலக்கணம் என்பது ஆட்சியில் கொடுங்கோன்மை மாதிரி, நான் அதற்கு அடிமையாக மாட்டேன் என்று கிளேர் 1822-இல் டெய்லருக்கே எழுதினார். 20-ஆம் நூற்றாண்டில் பதிப்பாசிரியர்கள் திரும்ப அவர் கையெழுத்துப் பிரதிகளுக்குப் போனார்கள். நிறுத்தற்குறியே இல்லாமல் ஓடும் அந்த வரிகளில் நத்தை ஓடு 'பூட்டி'யாகவே இருக்கிறது.