மாத்திரைய நிறுத்துறதுக்கு முன்னாடி ரிசெப்டர் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க

"பிரஷர் நார்மல் ஆயிடுச்சு டாக்டர், அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்." இத நான் கேக்காத வாரமே கிடையாது. பல பிரஷர் மாத்திரைகள நிறுத்தினா பிரஷர் கொஞ்சம் கொஞ்சமா பழைய அளவுக்கு ஏறும், அதுவும் நல்லதில்லதான், ஆனா சுதாரிச்சுக்க நேரம் கிடைக்கும். அட்டெனலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர்கள ஒரே நாள்ல நிறுத்தினா அப்படி இல்ல. படபடப்பு, நெஞ்சுவலி, ஏற்கனவே இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கிறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வரைக்கும் கூட போகலாம். மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்தத விட நிறுத்தின பிறகு நிலைமை மோசமாகுது, இதுதான் பலருக்கு புரியமாட்டேங்குது.

இது ஏன்னு புரியணும்னா ரிசெப்டர் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும். பயமோ பதட்டமோ வந்தா சுரக்கிற அட்ரினலின்ங்கிற ஹார்மோன் ரத்தத்துல உடம்பு முழுக்க சுத்துது, ஆனா எல்லா செல்லும் அதுக்கு பதில் குடுக்காது. அதுக்குன்னு ரிசெப்டர் வச்சிருக்கிற செல்லுக்கு மட்டும்தான் அது வந்திருக்கிறதே தெரியும். ரிசெப்டர்ங்கிறது ஒரு புரதம், பெரும்பாலும் செல்லோட மேல்சவ்வுல பாதி வெளிய பாதி உள்ளன்னு பதிஞ்சிருக்கும். இதயத்துல இருக்கிற பீட்டா 1 ரிசெப்டர்ல அட்ரினலின் வந்து ஒட்டினதும் அந்தப் புரதத்தோட வடிவம் லேசா மாறும், உள்பக்கம் சிக்னல கடத்துறதுக்குன்னு இருக்கிற ஜி புரோட்டீன் அதனால வேலைய ஆரம்பிக்கும், அது ஒரு என்சைமை தூண்டும், அந்த என்சைம் சைக்ளிக் ஏஎம்பிங்கிற சின்ன மூலக்கூற நிறைய தயாரிக்கும், கடைசியா செல்லுக்குள்ள கால்சியம் கூடி இதயம் வேகமாவும் அழுத்தமாவும் துடிக்கும். இத்தனையும் நடக்குது, ஆனா அட்ரினலின் செல்லுக்குள்ள கால் வைக்கவே இல்ல! சைக்ளிக் ஏஎம்பிய கண்டுபிடிச்ச ஏர்ல் சதர்லாண்டுக்கு 1971ல மருத்துவ நோபல் குடுத்தாங்க, இந்த வகை ரிசெப்டர்கள் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டின ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் பிரையன் கோபில்காவுக்கும் 2012ல வேதியியல் நோபல். இன்னிக்கு புழக்கத்துல இருக்கிற மருந்துகள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இந்த ஒரு குடும்பத்து ரிசெப்டர்கள் மேலதான் வேலை செய்யுது.

மருந்து ரெண்டு விதமா போய் உக்காரலாம். உடம்போட சொந்த ரசாயனம் மாதிரியே ஒட்டி ரிசெப்டர தூண்டிவிடலாம், இல்ல சும்மா இடத்த மட்டும் பிடிச்சுகிட்டு உண்மையான ஆள் வந்து ஒட்ட விடாம பண்ணலாம். பீட்டா பிளாக்கர் ரெண்டாவது ரகம். பூட்டு சாவின்னு எல்லாரும் சொல்ற உதாரணம் இதுவரைக்கும் சரியா பொருந்தும், ஆனா எந்த வீட்டுக் கதவுலயும் சாவி வரலையேன்னு பூட்டு தானா பெருகாது. செல்லுல அது நடக்கும். வாரக்கணக்கா அட்ரினலின் சிக்னல் சரியா கிடைக்கலைன்னா இதய செல் தன்னோட மேல்சவ்வுல கூடுதல் ரிசெப்டர்கள கொண்டு வந்து வைக்கும். மாத்திரை இருக்கிற வரைக்கும் பிரச்சனை தெரியாது. திடீர்னு நிறுத்திட்டீங்கன்னா அதே பழைய அளவு அட்ரினலின் இப்ப கூடுதலான ரிசெப்டர்ல போய் ஒட்டுது, இதயம் தாறுமாறா ஓடுது. அதனாலதான் ஒண்ணு ரெண்டு வாரம் எடுத்து டோஸ படிப்படியா குறைக்கிறோம், செல் அந்த கூடுதல் ரிசெப்டர்கள திரும்ப எடுத்துக்க அவகாசம் வேணும். குளோனிடின்ங்கிற பிரஷர் மாத்திரை வேற ரிசெப்டர்ல வேலை செய்யுது, ஆனா அதையும் திடீர்னு விட்டா ஒரு நாளைக்குள்ளயே பிரஷர் எகிறலாம். நாடித்துடிப்பு ரொம்ப குறையுது, தலை சுத்துதுன்னா மாத்திரைய நீங்களா தூக்கிப் போடாம உடனே டாக்டர கூப்பிடுங்க, அத எப்படி குறைக்கணும்னு அவங்க சொல்லட்டும்.

இதுக்கு நேரெதிரா ஒண்ணு இருக்கு. ரிசெப்டர விடாம தூண்டிக்கிட்டே இருந்தா செல் காத மூடிக்கும். மூக்கடைப்புக்கு விடுற சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து மூக்குக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயோட ஆல்ஃபா ரிசெப்டர தூண்டி குழாய சுருக்கும், நிமிஷத்துல மூக்கு திறந்துடும், அவ்ளோ சுகமா இருக்கும். மூணுலேருந்து அஞ்சு நாளைக்கு மேல போனா ரிசெப்டர் மழுங்க ஆரம்பிக்கும், சொட்டோட வேகம் இறங்கினதும் முன்ன இருந்தத விட அதிகமா வீங்கி அடைக்கும், சளி இன்னும் சரியாகலன்னு நினைச்சு மறுபடியும் விடுவாங்க. இப்படியே வருஷக்கணக்கா பாட்டில பாக்கெட்லயே வச்சுட்டு அலையிறவங்கள நான் பாத்திருக்கேன், ராத்திரி தலைகாணிக்கு கீழ அது இல்லைன்னா தூக்கமே வராதும்பாங்க. இத்தனைக்கும் முதல்ல வந்த சளி எப்பவோ போயிருக்கும், இப்ப அடைக்கிறது அந்த சொட்டாலதான். சொட்ட விட்டுட்டு டாக்டர் சொல்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்கு மாறினா கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் சரியாயிடும்.

ஆஸ்துமாவுக்கு அடிக்கிற சால்புட்டமால் இன்ஹேலர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அது நுரையீரலோட பீட்டா 2 ரிசெப்டர தூண்டி மூச்சுக்குழாய தளர்த்தும், ஆனா வீக்கத்த தொடவே தொடாது. தினமும் பலதடவ அடிச்சா ரிசெப்டர் குறையும், பலனும் குறையும். வீக்கத்த குறைக்கிறது ஸ்டீராய்டு இன்ஹேலர். அதோட ரிசெப்டர் செல்லுக்கு உள்ளயே இருக்கு, மருந்து சவ்வ தாண்டி உள்ள போய் அதோட சேர்ந்து உட்கரு வரைக்கும் போய் எந்த ஜீன் வேலை செய்யணும்னு மாத்தணும், அதனால பலன் தெரிய நாளாகும். "இத அடிச்சா ஒண்ணுமே தெரியல"ன்னு நிறைய பேர் அததான் முதல்ல நிறுத்துறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. ஸ்டீராய்டு பீட்டா 2 ரிசெப்டர்கள கூடுதலா தயாரிக்கவும் வைக்கும், அதாவது அத விட்டீங்கன்னா சால்புட்டமாலோட பலனையும் சேர்த்து குறைச்சுக்கறீங்க. பெரியவங்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புட்டமால மட்டும் நம்பி ஆஸ்துமாவ சமாளிக்கக் கூடாதுன்னு ஆஸ்துமா சிகிச்சைக்கான ஜினா சர்வதேச வழிகாட்டுதல் 2019லேருந்தே சொல்லிட்டு வருது.

இன்னொண்ணு, மருந்துக்கு உங்க வியாதி என்னன்னு தெரியாது, தன்னோட ரிசெப்டர் எங்க இருக்கோ அங்க எல்லாம் போய் ஒட்டும். சளிக்கு வாங்குற குளோர்ஃபெனிரமின் மூளையோட ஹிஸ்டமின் ரிசெப்டர அடைச்சு தூங்க வைக்குது, கூடவே சிறுநீர்ப்பைய சுருங்க வைக்கிற மஸ்கரினிக் ரிசெப்டரையும் அடைக்கறதால ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிற பெரியவங்களுக்கு ஒண்ணுக்கு போறது நின்னே போயிடலாம்.

கண் சொட்டு மருந்த யாரும் மருந்தாவே சேர்க்கறதில்ல. மூச்சு இறைக்குதுன்னு ஒரு பெரியவர் வந்தார், பல வருஷமா கட்டுக்குள்ள இருந்த ஆஸ்துமா, என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு கேட்டா "வேற எதுவும் இல்ல டாக்டர்"னார். கண்ணுக்கு ஏதாவது விடறீங்களான்னு கேட்டப்பதான் கண் பிரஷருக்கு டிமோலால் ஆரம்பிச்சத சொன்னார். அதுவும் பீட்டா பிளாக்கர்தான், பீட்டா 1, பீட்டா 2 ரெண்டையும் அடைக்கும். கண்ணுல விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியா மூக்குக்கு இறங்கி அங்கேருந்து நேரா ரத்தத்துல கலக்குது, மாத்திரை மாதிரி முதல்ல கல்லீரலுக்கு போய் பாதி அழியறதில்ல. கண் டாக்டர் சொட்ட மாத்திக் குடுத்த பிறகு மூச்சு சரியாச்சு. ஆஸ்துமாவோ, நாடித்துடிப்பு குறைவோ இருந்தா சொட்டு எழுதறதுக்கு முன்னாடியே கண் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அந்த பிரச்சனை இல்லாம டிமோலால் விடறவங்க, சொட்டு விட்டதும் கண்ண மூடி, மூக்க ஒட்டின உள்மூலைய விரலால ரெண்டு நிமிஷம் அழுத்தி பிடிச்சுக்கோங்க, ரத்தத்துக்கு போற அளவு நல்லாவே குறையும்.