குறைமாதக் குழந்தையின் கண் பரிசோதனை: 30 நாள் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?

ரெட்டிச்சாவடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்து காட்டினாள். 31 வாரத்தில் பிறந்தது, எடை 1,350 கிராம். கடைசிப் பக்க மூலையில் பேனாவால் ஒரு கிறுக்கல்: 'ஆர்.ஓ.பி. அட்வைஸ்டு'. அப்படியென்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்குக் குழந்தைக்கு 41 நாள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்வதுதான் ஆர்.ஓ.பி. கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். வெளியே ஒன்றும் தெரியாது. கண் சிவக்காது, பீளை தள்ளாது. "கண்ணைத் திறந்து நல்லாத்தானே பாக்குது" என்று பாட்டிகள் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ, பிறந்த எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ பரிசோதனை கட்டாயம். இரண்டில் ஒன்று போதும். "எடை பரவாயில்லை, தேவையில்லை" என்று திருப்பி அனுப்பினால் வாரக் கணக்கைக் காட்டுங்கள். முதல் பரிசோதனை 30 நாளுக்குள் முடிய வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததோ 1,200 கிராமுக்குக் குறைந்ததோ என்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே.

அதிகம் பேர் ஏமாறுவது இந்த 30 நாளில்தான். இது பிறந்த நாளிலிருந்து கணக்கு, வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து அல்ல. 25 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு மிச்சம் ஐந்தே நாள். அதையும் 'தீட்டுக் கழியட்டும்' என்று வீட்டில் தின்றுவிடுகிறோம். முடிந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே, வார்டிலேயே கண் டாக்டரை வரவழைக்கக் கேளுங்கள்.

செலவுக்கு ஆர்.பி.எஸ்.கே. இருக்கிறது. குழந்தைகள் உடல்நலத்துக்காக 2013 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டம். 18 வயதுவரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இதற்கு வருமான வரம்பு கிடையாது. 1,20,000 ரூபாய் வரம்பு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கானது. இரண்டையும் குழப்பி, பச்சைக் குழந்தைக்காரியை வருமானச் சான்று வாங்க வி.ஏ.ஓ. ஆபீசுக்கு விரட்டுகிறார்கள். அந்த அலைச்சலில் ஒரு வாரம் போய்விடும். கண்ணுக்கு அந்த ஒரு வாரம் திரும்பக் கிடைக்காது.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை இன்னொன்று. புதுச்சேரியில் இருக்கும் பாகூர்ப் பெண்ணைக் கடலூரில் கட்டிக் கொடுப்பார்கள்; பிரசவம் தாய் வீட்டில். "பிறந்தது பாண்டியில, அங்கே போங்க" என்பார் கடலூர்ச் செவிலியர். "ஆதார் கடலூர்ல இருக்கே" என்பார்கள் அங்கே. திட்டம் இரண்டு பக்கமும் உண்டு. யார் பொறுப்பு என்று சண்டை போடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் நேராகக் கண் டாக்டரிடம் போங்கள். ஜிப்மரும், கடலூர் சாலையில் தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

"கண் டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுந்து வராதீர்கள். பிறந்த தேதி, வாரம், எடை, எங்கே அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் எழுதிய ரெஃபரல் சீட்டை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். தாளில் இருந்தால்தான் நாளைக்குப் பேச முடியும். 1996-ல் சென்னை அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் அனுப்பினார்கள். பார்வை போயிற்று. சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2015-ல். அதற்குள் அவளுக்கு 18 வயது.

முதல் பரிசோதனையில் 'நார்மல்' என்றால் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ரத்தக் குழாய் முழுதாக வளரும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். லேசர் சிகிச்சை வேண்டுமென்று சொல்லிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். 'ஊருக்குப் போய் பெரியவங்களைக் கேட்டு வர்றோம்' என்பதற்கு நேரம் கிடையாது.

நிறைமாதக் குழந்தையானாலும் கண்மணியில் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். அங்கன்வாடிக்கு ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை வரும், தனியார் எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தால் அந்தக் குழு உங்கள் பிள்ளையைப் பார்க்காது, நீங்கள்தான் அழைத்துப் போக வேண்டும்.

போகிற அன்றைக்கு, பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கக்கும். கண்மணி விரிய சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைப்பார்கள். சுற்றிப் பிடிக்க ஒரு டவல் வேண்டும். குழந்தை வீறிட்டுக் கத்தும். பார்த்துப் பயந்து பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.