மாமா கையில் ஓடும் தையல் மெஷின்

ரோஸ்ஹில்லில் இருக்கும் எங்கள் மாமாவின் இடது மணிக்கட்டைத் தொட்டால், உள்ளே தையல் மெஷின் ஓடுவது போல ஒரு அதிர்வு தெரியும். காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்கு டீ. அந்த அதிர்வுக்குக் காரணம் ஃபிஸ்டுலா: டயாலிசிஸுக்காகக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களைத் தைத்து இணைத்த இடம்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மெஷின் நிமிடத்துக்கு 300, 400 மில்லி ரத்தத்தை வெளியே இழுத்து, சுத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். கையில் பச்சையாகத் தெரியும் சாதாரண நரம்பில் (மருத்துவர்கள் சிரை என்பார்கள்) அவ்வளவு ரத்தம் ஓடாது. தமனியில் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) ஓடும், ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது, அடிக்கடி குத்தவும் முடியாது. சரி, இரண்டையும் தைத்து இணைத்துவிட்டால்? தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து, சில வாரங்களில் அது பெருத்துத் தடிக்கும், ஊசி தாங்கும். 1966இல் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் வெளியிட்ட யோசனை இது. இன்றும் முதல் தேர்வு பெரும்பாலும் இதுதான். கழுத்தில் போடும் குழாயில் கிருமி புகும் ஆபத்து அதிகம்.

கை தயாரான பிறகு எல்லாம் நர்ஸின் விரலில்தான் இருக்கிறது. இரண்டு ஊசி: ஒன்று இழுக்க, ஒன்று திருப்பிவிட. திருப்பிவிடும் ஊசி இதயத்துக்கு அருகே, மேலே இருக்க வேண்டும். இரண்டும் நெருங்கிவிட்டால் சுத்தமான ரத்தமே மறுபடி மெஷினுக்குள் போகும், நான்கு மணி நேரமும் வீண்.

எங்கே குத்துவது என்பதில்தான் சண்டையே. "போன தடவை குத்திய இடத்திலேயே குத்துங்க, அங்க வலிக்கல" என்று மாமா கெஞ்சுவார். அந்த நர்ஸ் அசையமாட்டார். ஒரே பகுதியில் திரும்பத் திரும்பக் குத்தினால் சுவர் மெலிந்து பலூன் போல உப்பும், அதனால் ஏணிப்படி ஏறுவது போல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித்தான் குத்துவார். இன்னொரு முறையும் உண்டு. முதல் சில தடவைகள் ஒரே ஆள், அதே ஓட்டை, அதே கோணம், அதே ஆழம் என்று குத்தினால் காது குத்திய துளை போல ஒரு பாதை உருவாகும், அப்புறம் மழுங்கிய ஊசியே போதும். வலி குறைவுதான். ஆனால் மேலே படியும் பொருக்கைச் சரியாக அகற்றாமல் ஊசி போட்டால் கிருமி நேரே ரத்தத்துக்குள். மெனக்கெட முடியாத இடத்தில் ஏணியே மேல் என்பது என் எண்ணம்.

ஏசி குளிருக்கு மாமா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார், நர்ஸ் உடனே விலக்கிவிடுவார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. திருப்பிவிடும் ஊசி நழுவினால் நிமிடத்துக்கு 300 மில்லி தரையில் கொட்டும், போர்வைக்குள் யாருக்கும் தெரியாது என்று பிறகுதான் புரிந்தது. முடிந்ததும் ஊசி முழுதாக வெளியே வந்த பிறகே அழுத்த வேண்டும், அதுவும் அதிர்வு நின்றுபோகும் அளவுக்கு அல்ல.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான வாட்ச் கூடாது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பேன் என்று அடம்பிடித்தவரைப் பால்குடத்தோடு நிறுத்தினோம், அதையும் வலது கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லி. பாரம் ஒரு பக்கம் என்றால் வெயில் இன்னொரு பக்கம்: பிரஷர் இறங்கினால் ஃபிஸ்டுலாவில் ரத்தம் உறைந்துவிடலாம். அதிர்வு நின்றுபோனால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், சீக்கிரம் போனால் அடைப்பை எடுக்க வாய்ப்பு உண்டு.